கார்பன் டை ஆக்சைடை உடைக்கும் ‘திரவ உப்பு’: 1.5 வோல்ட் போதுமா?

புகைபோக்கியில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, தொழிற்சாலைகளுக்குப் பயன்படும் கார்பன் மோனாக்சைடாக மின்சாரத்தால் மாற்ற முடியுமா? முடியும். சிக்கலே கரண்ட் செலவுதான்.

கணக்குப்படி 1.33 வோல்ட் போதும். ஆனால் முதல் எலக்ட்ரானை அந்த மூலக்கூறு லேசில் வாங்கிக்கொள்ளாது. நேர்கோடாக இருப்பது வளைய வேண்டும், வளைந்தபின் உருவாவதோ நிலையில்லாத ஒன்று. இந்த மேட்டைத் தாண்டவே கூடுதல் வோல்ட் வீணாகிறது. தண்ணீரில் செய்தால், நடுவில் தண்ணீரும் போட்டிக்கு வந்து ஹைட்ரஜனைக் கொடுக்கும்.

இங்கேதான் அயனித் திரவம் வருகிறது. பெயர்தான் பெரிசு, விஷயம் உப்புதான். சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். இவை 100 டிகிரிக்குக் கீழேயே திரவமாக இருக்கும். அயனிகள் பெரிதாகவும் கோணல்மாணலாகவும் இருப்பதால் படிகமாக அடுக்கி உட்கார முடிவதில்லை. கார்பன் டை ஆக்சைடும் இதில் நன்றாகக் கரையும்.

2011-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகமும் டையாக்சைடு மெட்டீரியல்ஸ் நிறுவனமும் சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டன. வெள்ளி மின்முனை, இமிடசோலியம் வகை அயனித் திரவம், கொஞ்சம் தண்ணீர். 1.5 வோல்ட்டிலேயே கார்பன் மோனாக்சைடு வர ஆரம்பித்தது. நிலையில்லாத அந்த இடைப்பொருளை இமிடசோலியம் அயனி பிடித்து நிறுத்துகிறது என்பது குழுவின் விளக்கம். குறைந்தது 7 மணி நேரம், செலுத்திய எலக்ட்ரான்களில் 96 சதவீதத்துக்கு மேல் சரியான வேலைக்குப் போனது. கவனிக்க: இது எலக்ட்ரான் கணக்கு, மின்சக்திச் சேமிப்புக் கணக்கு அல்ல. பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

அப்புறம் ஏன் ஊரெல்லாம் வரவில்லை? திரவம் கொழகொழப்பு. கரைந்த வாயு மெதுவாகத்தான் மின்முனைக்கு நகரும். விலையும் அதிகம். அதனால் அதே நிறுவனம் இமிடசோலியத்தைப் பிளாஸ்டிக் சவ்வுக்குள் கட்டிப்போட்டது. அந்தக் கலம் மாதக்கணக்கில் ஓடியது. ஆனால் தொழிற்சாலைக்கு ஏற்ற வேகத்தில் ஓட்ட சுமார் 3 வோல்ட் தேவைப்பட்டது.

அந்த அளவில் 1 கிலோ கார்பன் டை ஆக்சைடை மாற்ற ஏறக்குறைய 3.7 யூனிட் மின்சாரம் ஆகும். நிலக்கரி மின்நிலையம் ஒரு யூனிட்டுக்கு 1 கிலோவை ஒட்டிய கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது. நிலக்கரி கரண்டில் ஓட்டினால், ஒரு கிலோவை மாற்றுவதற்குள் மூன்று கிலோவுக்கு மேல் காற்றில் கலந்திருக்கும். சூரிய, காற்றாலை மின்சாரத்தோடு சேர்த்தே இந்தத் தொழில்நுட்பம் பேசப்படுவது இதனால்தான்.