கையளவு கார்!



ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயில் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? தாமிரபரணிக் கரையில் எத்தனை கூட்டம், எத்தனை கடைகள்! பொம்மைக் கடையைப் பார்த்ததும் கால் நகராது. அடம்பிடித்து ஒரு கார் வாங்கி வருவோம். இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் சக்கரம் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். அது ஏன் ஓடியது, ஏன் நின்றது என்று நமக்குத் தெரியாது. தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த திருவிழாவுக்குக் காத்திருப்போம்.

இந்த வாரம் நாம் பேசப்போவது வேறு வகைக் காரைப் பற்றி. முழுதாகக் கிடைக்காத கார்! பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டம்தான் இருக்கும். காம்பில் இலை ஒட்டியிருப்பதுபோல, அதில் கதவு, இருக்கை, ஸ்டீயரிங், இன்ஜின் எல்லாம் தனித்தனியாக ஒட்டியிருக்கும். அவற்றை வெட்டி எடுத்து, தேய்த்து, பூட்டி, வண்ணம் பூசவேண்டியது நீங்கள்தான். இதற்கு ‘மாடல் கிட்’ என்று பெயர்.

பெட்டியின் மேல் 1/24 என்று போட்டிருக்கும். அப்படியென்றால் என்ன? உண்மையான காரில் 24 சென்டிமீட்டர் இருப்பது, இதில் 1 சென்டிமீட்டர். அவ்வளவுதான்! நம் அம்பாசிடர் காரின் நீளம் சுமார் 430 செ.மீ. அதை 24ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 18 செ.மீ. வரும். ஒரு பெரிய கார் உங்கள் பென்சில் நீளத்துக்குள் அடங்கிவிட்டது! வகுப்பில் விகிதக் கணக்கு வந்தால் இனி பயப்படுவீர்களா?

“இதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு” என்று நினைத்துவிடாதீர்கள். நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிந்துவெளியில் களிமண்ணால் குட்டி வண்டிகள் செய்திருக்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாவது பருவத்துக்குப் பெயரே ‘சிறுதேர்’. ஏரலுக்குப் பக்கத்தில் இருக்கும் திருச்செந்தூர் முருகன்மீது பகழிக்கூத்தர் பிள்ளைத்தமிழ் பாடினார். அந்த முருகனும் சிறுதேர் உருட்டியவன்தான்! நம் பனங்காட்டுப் பிள்ளைகள் கோடையில் நுங்கு தின்றுவிட்டு, மிஞ்சிய காய்கள் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளி ஓட்டும் நுங்கு வண்டி இருக்கிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊரில் டாமியா என்ற மாடல் நிறுவனம் இருக்கிறது. 1946இல் மர அறுவை ஆலையாகத் தொடங்கியது அது. 1976இல் போர்ஷே 934 காரின் மாடலை 1/12 அளவில் வெளியிட்டது. அதைத் தயாரிக்க அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உண்மையான போர்ஷே கார் ஒன்றை விலைக்கு வாங்கி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்தார்கள்! மறுபடி பூட்டுவதற்குப் போர்ஷே ஆட்களின் உதவி தேவைப்பட்டதாம். கையளவு பொம்மைக்கு அத்தனை உழைப்பு.

அமெரிக்காவில் 1930 முதல் 1968 வரை இளைஞர்களுக்கு ஒரு போட்டி நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு நடத்தியது. ஆரம்ப ஆண்டுகளில் பழங்காலக் குதிரை வண்டியின் மாடலைச் செய்யச் சொன்னார்கள். பிறகு, சொந்தமாக யோசித்த காரைச் செய்து அனுப்பச் சொன்னார்கள். வென்றவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை. 1947இல் வென்ற சக் ஜோர்டன் என்ற இளைஞர், பின்னாளில் அதே ஜெனரல் மோட்டார்ஸில் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். அந்தப் போட்டியில் பையன்களை மட்டுமே சேர்த்தார்கள். இன்று அந்தக் கதை இல்லை. தங்கைகளே, நீங்களும் களத்தில் இறங்கலாம்!

சரி, கிட் வாங்க அப்பாவிடம் அடம்பிடிக்கலாமா? வேண்டாம். நல்ல கிட்டுகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன; விலை அதிகம். சின்ன ஊர்க் கடைகளில் கிடைப்பதும் இல்லை. அதற்காக மனம் தளர வேண்டாம். புதுச்சட்டை வந்த அட்டைப்பெட்டி இருக்கிறதா? போதும்!

வீட்டு வாசலில் நிற்கும் ஆட்டோவையோ, மாமாவின் காரையோ கேட்டுக்கொண்டு டேப்பால் அளந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம், சக்கரத்தின் குறுக்களவு எல்லாவற்றையும் குறித்து, 24ஆல் வகுங்கள். கட்டம்போட்ட தாளில் வரைந்து, அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். சக்கரத்துக்குப் பாட்டில் மூடி. பிளேடு வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஒட்டுவதற்கு முன்னால் ஒருமுறை பசையில்லாமல் சேர்த்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அப்போதே திருத்திவிடலாம். வண்ணம் பூசும்போது ஒரே பூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். மெல்லிய பூச்சாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, அடுத்த பூச்சு. அவசரப்பட்டுத் தொட்டால் உங்கள் கைரேகை காருக்கே முத்திரையாகிவிடும்! தண்ணீரில் கரையும் வண்ணமே நல்லது. தின்னர், ஸ்ப்ரே போன்றவை எளிதில் தீப்பிடிக்கும். அவற்றின் ஆவியைச் சுவாசிப்பதும் கெடுதல். பெரியவர்கள் துணையின்றி அவற்றைத் தொடவே கூடாது.

முதல் கார் கோணலாகத்தான் வரும். வரட்டுமே! எங்கே கோணியது என்று பார்த்தால், இரண்டாவது கார் நேராக வரும். கடையில் வாங்கிய பொம்மை உடைந்தால் அழத்தான் முடியும். நீங்கள் செய்தது உடைந்தால், உங்களால் சரிசெய்ய முடியும்.

பொம்மை செய்வதால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்கிறீர்களா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை ஏரல் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி ஏரல் ஊருக்குள் புகுந்தது. பாலம் சேதமடைந்தது, கடைகளிலும் வீடுகளிலும் இருந்த பொருள்கள் நாசமாயின.

இப்படிப்பட்ட வெள்ளம் எப்படிப் பாயும் என்று முன்கூட்டியே அறிய, பொறியாளர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? குட்டி ஆறு செய்வது! திருவள்ளூர் அருகே பூண்டியில் உள்ள தமிழக அரசின் நீரியல் ஆய்வு நிலையத்திலும், புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய ஆய்வு நிலையத்திலும் ஆறு, அணை ஆகியவற்றைச் சிறிய அளவில் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்கிறார்கள். கரை எங்கே அரிக்கும், தண்ணீர் எங்கே முட்டும் என்று அதில் தெரிந்துகொள்கிறார்கள். அட்டைக் காரில் நீங்கள் போடும் அதே விகிதக் கணக்குதான் அங்கேயும் முதல் படி.

ஒரு பெரிய பொருளைச் சரியாக அளந்து, சிறியதாகச் செய்யத் தெரிந்த கை, நாளை பெரியதையும் சரியாகச் செய்யும். நம் ஆற்றுக்கு நல்ல கரையும் பாலமும் கட்ட அப்படிப்பட்ட கைகள் நிறைய வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். எதை முதலில் அளக்கப் போகிறீர்கள்?

அன்புடன்,
ஆசிரியர்