உறங்கவேண்டிய வயது

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பிள்ளைகளிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறிப்பது நம் வீடுகளில் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. விளையாட்டு முதலில் போகிறது, பாட்டும் சித்திரமும் அதைத் தொடர்கின்றன, கடைசியில், எவரும் நஷ்டமென்று எண்ணாத வண்ணம், உறக்கமும் போய்விடுகிறது. விடியுமுன் டியூஷன், பள்ளி மணி அடிக்குமுன் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் மறுபடியும் டியூஷன், இரவில் மறுநாள் டெஸ்டுக்குப் படிப்பு என்று சுழலும் பதினான்கு வயதுப் பெண், வகுப்பில் எழுந்து நின்று தெரிந்த விடையையே சொல்லத் தயங்கும்போது, அவளுக்குத் தன்னம்பிக்கை போதாது என்று தீர்ப்பளித்துவிடுகிறோம். பல சமயங்களில் அவளுக்குப் போதாதிருப்பது தூக்கமே என்பது என் திடமான அபிப்பிராயம்.

பருவமடையும் வயதில், உறக்கத்துக்கு உடலை ஆயத்தம் செய்யும் மெலடோனின் என்னும் சுரப்பு, பால்யத்தில் சுரந்ததைவிட இரவில் தாமதித்தே சுரக்கிறது. ஆகையால் சீக்கிரம் படுக்கச் சொன்னாலும் கண் மூடாமலும், அதிகாலையில் எழுப்பினால் எழமாட்டாமலும் தவிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று வைவது அநியாயம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேர நித்திரை வேண்டுமென்பது மருத்துவர்களின் கணக்கு. பதினொன்றுக்குக் கண்ணயர்ந்து நாலரைக்கு எழுப்பப்படும் பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்தரை மணியே. பகலில் படித்தது நினைவில் நிலைபெறுவதும், அச்சத்தையும் ஆத்திரத்தையும் அடக்கும் சக்தி மனத்துக்கு மீள்வதும் அந்த நித்திரையில்தான் என்பதால், அது குறையக் குறைய ஆசிரியரின் சிறு கடுஞ்சொல்லும் சிநேகிதியின் பரிகாசமும் பூதாகாரமாய்த் தோன்றுகின்றன. சோர்ந்த மனமோ இருக்கும் உறக்கத்தையும் கெடுக்கிறது. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு காணப்பட்டது. பிள்ளையின் துயரம் நாட்கணக்கில் நீடித்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கப் பெற்றோர் கூச வேண்டியதில்லை.

உறக்கம் கெடுவதற்கான பழியையெல்லாம் கைப்பேசிமேல் போடுகிறோம். படுக்கையறையில் அதற்கு இடமில்லைதான். ஆனால் இரவு பத்துக்கு வாட்ஸப் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்புவது யார்?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பள்ளி துவங்கும் நேரத்தைக் காலை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியபோது, பிள்ளைகள் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள் என்ற அச்சத்துக்கு மாறாக, அவர்களுடைய தினசரி உறக்கம் 34 நிமிஷம் கூடிற்று. கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் துவங்கலாகாதென்று சட்டமே இருக்கிறது. ஒன்பதையொட்டி மணி அடிக்கும் நம் பள்ளிகள் பலவற்றுக்குப் புதுச் சட்டமும் வேண்டாம். மணிக்கு முந்திய வகுப்பை நிறுத்தினால் போதும்.

நூறு சதவீதத் தேர்ச்சி என்னும் நிர்ப்பந்தத்தில், தம் உறக்கத்தையும் தியாகம் செய்து அவ்வகுப்புகளை நடத்தும் ஆசிரியர்களின் சிரத்தையை நான் மதிக்கிறேன். மதிப்பெண் குறையுமென்று அஞ்சும் தலைமையாசிரியர்கள், காலாண்டுத் தேர்வு முதல் அரையாண்டுத் தேர்வு வரையிலாவது அவற்றை நிறுத்தி, இரவு எட்டுக்குமேல் வீட்டுப்பாடம் அனுப்பும் வழக்கத்தையும் கைவிட்டு, பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் முகத்தையும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பெற்றோரோடு சேர்ந்து பரிசீலிக்கட்டும்.