ரெண்டு பிளேட்டும் ரெண்டு டன்னும்

‘ரெண்டு பிளேட் சேர்த்துப் போடுங்க, ரெண்டு டன் அசால்ட்டா தாங்கும்.’ புதிதாக பிக்கப் எடுத்தவர் பாடி கட்டும் இடத்துக்குப் போகும்போதே இந்த வாக்கு அவர் காதில் விழுந்துவிடுகிறது. ஸ்பிரிங் பட்டறைக்காரர் சொல்கிறார், மண்டியில் சரக்கு ஏற்றிவிடுகிறவர் சொல்கிறார், ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்கார அண்ணன் சொல்கிறார். இப்போது யூடியூபிலும் வந்துவிட்டது: பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் வண்டி, மேலே மலைபோல மூட்டை, கீழே பட்டறையின் கைப்பேசி எண். பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன பொய் இது. அரை உண்மை என்றுகூட இதைச் சொல்ல மாட்டேன்.

பிளேட் சேர்த்தால் என்ன நடக்கும்? வண்டி தாழாது. அவ்வளவுதான் நடக்கும். வில்பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 6 மில்லிமீட்டர் பிளேட் இருந்த இடத்தில் 7 மில்லிமீட்டர் பிளேட் போட்டால், அந்த ஒரு பிளேட்டின் விறைப்பு ஏறக்குறைய 60 சதவீதம் ஏறிவிடும். ஆகவே பாரம் ஏற்றியும் பின்பக்கம் நிமிர்ந்தே நிற்கிறது. ‘பாருங்க, அசையலையே’ என்று பட்டறைக்காரர் தட்டிக் காட்டுகிறார். அசையாதது சேசிஸின் உயரம். அச்சின் மேல் இறங்கும் எடையில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. பேரிங், ஆக்சில் ஷாஃப்ட், வீல் போல்ட், ரிம், டயர் எல்லாம் அதே பழைய சாமான்கள், அவற்றின் மேல் புதிய பாரம். டயரின் பக்கச்சுவரில் அது தாங்கும் எடைக்கான எண் அச்சடித்தே வருகிறது. 100 என்று இருந்தால் ஒரு டயருக்கு 800 கிலோ. மேலே எத்தனை பிளேட் செருகினாலும் அந்த எண் மாறாது.

‘கம்பெனிக்காரன் பயந்துபோய்க் குறைச்சுத்தான் எழுதுவான், உள்ளே இடம் விட்டிருப்பான்’ என்பது அடுத்த வாதம். இடம் விட்டிருக்கிறான், உண்மை. அதை விட்டது பள்ளத்துக்காக. 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறும் நொடியில், நின்றபடி இருக்கும் எடையைவிட மிக அதிகமான விசை அச்சைத் தாக்குகிறது. அந்த அடிக்கென்று வைத்த இருப்பை வெங்காய மூட்டைக்குக் கொடுத்துவிட்டால், குழி வரும்போது கொடுக்க எதுவும் மிஞ்சாது. அதுவும் பிளேட் விறைத்துப்போன வண்டியில் அந்த அடி இன்னும் நேராக இறங்கும். பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். ரிவெட் துளையின் ஓரத்தில், சேற்றுக்கடியில், தலைமுடி கனத்தில் ஒரு கீறலும் அதிலிருந்து கசியும் துருக்கோடும் தெரிந்தால் சேசிஸ் அயர்ந்துபோயிற்று என்று அர்த்தம். இரும்பு ஒரே நாளில் ஒடிவதில்லை. லட்சக்கணக்கான சிறு வளைவுகளில் ஒடிகிறது. ‘இருபது வருஷமா ஓட்டுறோம், ஒண்ணும் ஆகலையே’ என்பவர்களுக்கும் இதுவே பதில்.

ஆனால் என்னை உண்மையாகவே கொதிக்க வைப்பது பிரேக் விஷயம். பிளேட் போடச் சொல்லும் எவரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

பல பிக்கப்களில் பின் அச்சுக்கு மேலே, சேசிஸை ஒட்டி, பிரேக் பைப்புகள் வந்து சேரும் ஒரு சிறிய வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ மெல்லிய ஸ்பிரிங்கோ அச்சுக்குப் போகும். எல்.எஸ்.பி.வி. என்பார்கள். பாரத்தைப் பார்த்து பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. வண்டி காலியாக இருந்தால் சேசிஸ் உயரத்தில் நிற்கும். வால்வு பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். இல்லாவிட்டால் எடையற்ற பின்சக்கரம் லாக் ஆகி வண்டி சுழன்றுவிடும். பாரம் ஏறினால் சேசிஸ் தாழும், கம்பி நகரும், வால்வு திறந்து பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போகும். அந்த வால்வுக்குத் தராசு கிடையாது. சேசிஸுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

இப்போது பட்டறைக்காரர் இரண்டு பிளேட் செருகுகிறார். மேலே இரண்டு டன் ஏறியும் வண்டி தாழவில்லை, அவருக்கு அதுதான் பெருமை. வால்வு என்ன நினைக்கும்? வண்டி காலி என்று நினைக்கும். மிக அதிகமான பாரம் பின்னால் இருக்கும் வேளையில், மிகக் குறைந்த பிரேக்கைப் பின்னுக்கு அனுப்பும். மொத்த வேலையும் முன்சக்கரங்களின் தலையில் விழும். இந்த வண்டி நீலகிரி கேரட்டை ஏற்றிக்கொண்டு குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு வளைவு பெடலை மிதிக்க மிதிக்க முன் டிஸ்க் காய்கிறது, பேட் கருகிய வாடை கேபினுக்குள் வருகிறது, பெடல் இருக்கிறது, பிடிப்பு இல்லை. தப்பி இறங்கியவர் மெக்கானிக்கிடம் ‘பிரேக் நிக்க மாட்டேங்குது’ என்பார். மெக்கானிக் புது பேட் போட்டு அனுப்புவார். குற்றவாளி பின்னால் பளபளவென்று நிற்கும் புது பிளேட் என்று இருவருக்குமே தோன்றாது.

விவரம் தெரிந்த சிலர் அந்தக் கம்பியை எப்போதும் ‘லோடு’ நிலையிலேயே நிற்கும்படி கட்டிவிடச் சொல்கிறார்கள். அது இன்னொரு கொலை. சரக்கை இறக்கிவிட்டு மழையில் காலியாகத் திரும்பும் வண்டிக்கு, கல்போல் விறைத்த ஸ்பிரிங்கும் முழு அழுத்தத்தில் பின் பிரேக்கும். ஒரு மாடு குறுக்கே வந்து, ஓட்டுபவர் பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் முன்னுக்கு வந்துவிடும்.

‘அமெரிக்காவில பிக்கப்புக்குக் காத்துப் பையே விக்கிறான்’ என்கிறார்கள். விற்கிறார்கள். ஏர் லிஃப்ட், ஃபயர்ஸ்டோன் போன்ற நிறுவனங்கள் பின் சஸ்பென்ஷனுக்கு விற்கும் அந்தப் பைகளைப் பற்றி அந்த நிறுவனங்களே சொல்வது, இதைப் பொருத்தினால் வண்டி மட்டமாக நிற்கும், வண்டியின் மொத்த எடை வரம்பு உயராது என்பது. விற்பவனே எழுதிக் கொடுப்பதை நம் ஊர் ஆசாமிகள் படிப்பதில்லை.

‘2018ல அரசாங்கமே ஏத்திக் கொடுத்திருக்கு’ என்பதும் உண்டு. அது கனரக லாரிகளின் அச்சுப்பாரம் பற்றிய உத்தரவு. முக்கால் டன் குட்டியானையின் ஆர்.சி. புத்தகத்தில் அதனால் எதுவும் மாறவில்லை.

கடைசியாக வருவது ‘வாடகை கட்டுப்படியாகலை’. இதற்காவது கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். டீசல் விலையும் தவணையும் எனக்கும் தெரியும். ஆனால் கூடுதல் மூட்டைக்குக் கூடுதல் வாடகை யாருக்குக் கிடைக்கிறது? எல்லா வண்டியும் இரண்டு டன் ஏற்ற ஆரம்பித்ததும் இரண்டு டன்னே ஒரு நடை என்று ஆகிவிட்டது. வாடகை பழைய இடத்திலேயே நிற்கிறது. ஒரு நடையை மிச்சம் பிடித்தவர் சரக்கு முதலாளி. டயர், கிளட்ச், பேரிங் தேய்வது வண்டிக்காரர் கணக்கில். பிடிபட்டாலும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறையும் உண்டு. 194ஆம் பிரிவு ஓட்டியவரோடு ஓட்டச் செய்தவரையும் சேர்த்தே சொல்கிறது. சாலையோரம் வண்டியை நிறுத்தி எடை மேடைக்கு ஏற்றும்போது ஓட்டச் செய்தவர் எங்கே இருக்கிறார்? மண்டியில் அடுத்த வண்டிக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆர்.சி.யில் எழுதிய பாரத்துக்கே பின்பக்கம் உட்காருகிறது என்றால் பிளேட் அயர்ந்துவிட்டது, புஷ் தேய்ந்துவிட்டது. கம்பெனி அளவிலேயே புது செட் வாங்கி மாட்டுங்கள், யூ-போல்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள். அதற்கு மேல் சரக்கு இருந்தால் இரண்டாவது நடை, இல்லையென்றால் பெரிய வண்டி. அந்த வாடகையைச் சரக்குக்காரர் கொடுக்கட்டும்.