ஆனர்சுக்கு 75 என்ற வேலி
சால்ட் லேக், பிகாஷ் பவனில் இயங்கும் மேற்கு வங்க உயர்கல்வித் துறை, 2023இல் நான்காண்டுப் பட்டப்படிப்பை ஏற்றது. வங்கத்தில் தலைமுறைகளாக மூன்றே ஆண்டில் கிடைத்துவந்த 'ஆனர்ஸ்', இனி நான்காம் ஆண்டையும் கேட்கிறது. அந்த ஆண்டில் ஆய்வேடு எழுத, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் தேவை என்பது பல்கலைக்கழக மானியக்குழு 2022இல் வகுத்த விதி.

சமூகவியலிலும் மானுடவியலிலும் ஆய்வு என்பது ஊர் ஊராகச் சென்று மக்களிடம் கேட்டறிவது. விடைத்தாளில் 60 பெற்ற முதல் தலைமுறை மாணவிக்கு அந்தத் திறன் இராது என்று யார் சொன்னது? டில்லிப் பல்கலைக்கழகம் 2013இல் புகுத்திய நான்காண்டுத் திட்டம் மறு ஆண்டே கைவிடப்பட்டதை நாடாளுமன்றம் மறந்திருக்காது. தமிழகமோ மூன்றாண்டுப் பட்டத்தை விடவில்லை. ஏற்றுக்கொண்ட வங்கம், அந்த 75ஐத் தளர்த்தும்படி மானியக்குழுவிடம் வாதாட வேண்டும். ஆய்வுக்கு வழிகாட்டப் போதிய ஆசிரியர்களையும் நியமிக்க வேண்டும்.