கைக்கு வராத நிரல்

2011-ல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். நிரல் கைக்கு வந்துவிட்டால் அதன் மூல நிரலையும் கேட்டு வாங்கலாம் என்கிறது ஜிபிஎல் உரிமம். நல்லதுதான்.

அதே மடிக்கணினியில் படித்த ஜவளகிரி சேரிப் பிள்ளை ஓசூர் கம்பெனிக்கு ஒப்பந்தக் கூலியாகப் போகிறான். அங்கே சம்பளப் பிடித்தம் போடுகிற நிரலும் ஜிபிஎல் நிரலைத் திருத்திச் செய்ததாகவே இருக்கட்டும். கேட்டா எவன் காட்டுவான்? பிரதி கம்பெனி சர்வரைவிட்டு வெளியே போகாதவரை உரிமம் வாய் திறக்காது. 2007-ல் வந்த அஃபெரோ ஜிபிஎல் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. நிரலை எழுதினவர் அதைத் தேர்ந்திருந்தால்தான் செல்லும்.

உரிமம் நிற்பது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்மேல். அது காப்பது படைப்பை, கூலியை அல்ல. கூலிக் கணக்கைக் காட்டச் சொல்லும் உரிமையைச் சங்கமாய்த் திரண்டுதான் பிடுங்க வேண்டும் என்பேன், தோழர்களே.