நிறுவத் தெரிந்தால் போதாது

வலியசாலைப் பெரியவர்கள் நம் சங்க மலருக்கு எழுதிய பழைய கட்டுரைகளைக் கணிப்பொறியில் திறந்தேன். அன்றைய எழுத்துரு இன்று இல்லை. திரை முழுவதும் புரியாத குறிகள். மென்பொருளோடு தமிழும் போயிற்று.

மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது. டொனால்ட் குனூத் 1978-ல் வெளியிட்ட 'டெக்' அச்சுக்கோப்பு மென்பொருளின் இந்தியப் பயனர் குழு 1998-ல் உருவானது திருவனந்தபுரத்தில்தான். 2002-ல் அதன் உலக மாநாடும் இங்கு நடந்தது. டெக் இலவசம். அதன் 'ஸீடெக்' வடிவம் யூனிகோடு தமிழை ஏற்கும்.

"கட்டளை அடித்தால் கணிப்பொறி கெட்டுவிடுமே" என அஞ்சுகிறார்கள். ரயில் பாதையில் வேலை தொடங்குமுன், பாதையை ஒழுங்காகத் திருப்பி ஒப்படைக்கும் வழியையும் யோசிப்போம். இங்கும் அப்படியே. உபுண்டுவில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெக்ஸ்லைவ்-ஸீடெக்' என ஆங்கிலத்தில் அடித்தால் நிறுவும். 'இன்ஸ்டால்' இருந்த இடத்தில் 'ரிமூவ்' என்றால் நீக்கும். 'பர்ஜ்' என்றால் அதன் அமைப்புக் கோப்புகளும் போகும். துணைக்கு வந்தவற்றை 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' அகற்றும்.

நாம் எழுதி வைத்த கட்டுரையோ அப்படியே இருக்கும். அது சாதாரண எழுத்துக் கோப்பு, எதிலும் திறக்கலாம்.

எனவே சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள்: பழைய மலர்களைப் பெரியவர்கள் வாசிக்கட்டும், பிள்ளைகள் யூனிகோடில் அடிக்கட்டும். அடுத்த மலரை டெக்கில் கோப்போம். பிள்ளைகளுக்குத் தமிழ் தட்டச்சும் கைவரும்.