பள்ளிக்கூடத்து எலிகள்

பள்ளிக்கூடத்தில் எலித்தொல்லை என்று யாரேனும் முறையிட்டால், அதை அற்ப விஷயமாக எண்ணிக் காதில் போட்டுக்கொள்ளாமல், "மருந்து வைத்துவிடுங்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம் ஊர்களில் வழக்கமாக இருந்து வருகிறது. அந்த ஒரு வார்த்தைதான் இந்த வாரம் என்னை எழுத வைத்தது. பெரியவர்கள் நாலு பேர் புழங்கும் வீட்டில் வைக்கிற விஷத்துக்கும், மண்ணிலே விழுந்த மிட்டாயைத் துடைத்து வாயில் போட்டுக்கொள்ளும் வயதுள்ள குழந்தைகள் ஓடியாடும் வளாகத்தில் வைக்கிற விஷத்துக்கும் உள்ள பேதத்தை நாம் போதிய அளவு யோசித்துப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. பள்ளியின் எல்லைக்குள் எலி விஷம் என்ற பேச்சே எழக்கூடாது என்பதும், எலியை அகற்றுகிற காரியம் பெரும்பாலும் கொத்தனாரின் கரணையாலும் துடைப்பத்தாலும் நடக்கவேண்டியது என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

எலிக்கு வேண்டியவையெல்லாம் நமது கிராமப் பள்ளிகளில் ஒரே மதிலுக்குள் சித்தமாக இருக்கின்றன. காமராஜர் 1956-இல் ஆரம்பித்து வைத்த மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் சேர்ந்துகொண்ட காலை உணவும் பசித்த குழந்தையைப் பள்ளிக்கு அழைத்து வந்த மகத்தான தர்மங்கள். அவற்றின்மேல் எனக்குள்ள பக்தியினால்தான் இதைச் சொல்கிறேன். அரிசியும் பருப்பும் ரவையும் மூட்டைகளாக வந்து இறங்குகிற ஒரு கட்டடத்துக்குத் தானியக் கிடங்குக்குரிய கதவும் தரையும் காற்றுத் துவாரமும் வேண்டும் என்பதைத் திட்டத்தின் சிறப்பில் மெய்மறந்த நாம் பல இடங்களில் மறந்துவிட்டோம். பழைய வகுப்பறை ஒன்றின் மூலையைத் தடுத்து அதையே பண்டக அறை என்று வைத்துக்கொண்ட பள்ளிகள் எத்தனையோ உண்டு.

செங்கல்பட்டுப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் அப்படிப்பட்ட அறையைப் பார்த்தேன். சுவரை ஒட்டி அடுக்கியிருந்த மூட்டைகளில் அடிமூட்டையின் மூலை கடிபட்டு, அங்கிருந்து அரிசி மெல்லிய கோடாகச் சிந்திச் சுவரோரமாகவே போய், கதவு நிலைக்கும் தரைக்கும் இடையிலிருந்த ஒரு பிளவில் முடிந்திருந்தது. அந்தப் பிளவில் என் கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது. எலிக்கு அதற்கு மேல் வழி தேவையில்லை, அரை அங்குல இடைவெளி போதும், சுண்டெலிக்கோ அதிலே பாதியே அதிகம். தினந்தோறும் ஒரே பாதையில் உடம்பை உரசிக்கொண்டு போய்வருவதனால், சுவரின் அடிப்பாகத்தில் சுண்ணாம்பின் வெள்ளையின்மேல் எண்ணெய்க் கறை போன்ற ஒரு கருமை படிந்திருந்தது. சமையல் செய்கிற அம்மாள் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மூணு தடவை பொடைச்சுத்தான் உலையில போடறேன் ஐயா. புழுக்கைன்னா கண்ணுக்குத் தெரியும். மூத்திரம் பட்ட அரிசி கண்ணுக்குத் தெரியுமா?"

அந்த அம்மாளின் கேள்வியில் வைத்திய சாஸ்திரத்தின் ஓர் அத்தியாயமே அடங்கியிருக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் 1886-இல் விவரித்த காமாலையோடு கூடிய கடுஞ்சுரத்தை இன்று நாம் எலிக்காய்ச்சல் என்கிறோம். அதற்குக் காரணமான லெப்டோஸ்பைரா என்னும் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, பெரும்பாலும் எலியை நோயில் வீழ்த்தாமல், அதன் சிறுநீர் வழியே ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் கலந்து, மனிதனின் காலிலுள்ள சிறு சிராய்ப்பு வழியாகவும், நீரில் ஊறிய தோல் வழியாகவும், கண் வழியாகவும் உள்ளே புகுந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் மைதானத்தில் தேங்கும் தண்ணீரில் வெறுங்காலோடு குதிக்காத பையன் எந்தப் பள்ளியில் இருக்கிறான்? ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் சாதாரண ஆண்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கட்டுப்படும் நோய்தான். ஆனால் மழைக்காலத்தில் வருகிற காய்ச்சல்களுக்கு நடுவே இதை இன்னதென்று இனம் காண்பது எளிதன்று.

ஆகவே எலியை அகற்றத்தான் வேண்டும் என்பதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. எப்படி என்பதில்தான் நாம் தவறிப்போகிறோம்.

பெட்டிக்கடைகளில் நெடுங்காலம் தாராளமாக விற்ற எலிப்பசையில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். அதற்கு மாற்று மருந்து கிடையாது. உட்கொண்டவர் முதலில் வாந்தி எடுத்துவிட்டு, பிறகு ஒன்றிரண்டு நாள் தேறிவிட்டவர்போல எழுந்து உட்கார்ந்து பேசுவதும், வீட்டார் கண்டம் தப்பியது என்று நிம்மதி அடைந்திருக்கும் அந்த அவகாசத்திலேயே உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருப்பதும் இந்த விஷத்தின் கொடூர இயல்பு. இதன் விற்பனையைத் தமிழ்நாட்டு அரசு தடை செய்தது மெத்தச் சரி. சிங்க் பாஸ்பைடு என்னும் கரும்பொடியோ வயிற்றின் அமிலத்தோடு சேர்ந்தவுடன் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவாக மாறுகிறது. இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்லும் புரோமடியலோன் கட்டிகளுக்கு வைட்டமின் கே மாற்றாக இருக்கிறது என்பது உண்மையானாலும், குழந்தை தின்றது யாருக்காவது தெரிந்தால் அல்லவா மாற்று கொடுப்பது? அந்தக் கட்டியைத் தின்ற எலியும் உடனே விழுவதில்லை. சில நாள் தளர்ந்து திரிந்து, கைக்கெட்டாத ஓட்டு இடுக்கில் செத்து நாறும், அல்லது வேப்பமரத்துக் கூகையின் வாயில் அகப்பட்டு அதையும் கொல்லும். ஓர் இரவில் பல எலிகளைத் தின்னக்கூடிய அந்தப் பறவையை அபசகுனம் என்று கல்லெறிந்து விரட்டுகிற பேதைமையை என்ன சொல்வது!

பீகாரில் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமத்தின் ஆரம்பப் பள்ளியில், 2013 ஜூலை 16 அன்று மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டுபோனார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. அது எலிக்காக வைத்த விஷமன்று, பயிருக்கு அடிக்கும் விஷம். ஆயினும் சமையற்கட்டின் சமீபத்தில் எந்த விஷம் இருந்தாலும் அது என்றைக்காவது சட்டியை அடைய வழி தேடிக்கொள்ளும் என்பதற்கு இதற்குமேல் ஒரு சாட்சியம் வேண்டியதில்லை. ஜாக்கிரதையாக வைத்தால் போதாதா என்று கேட்கும் நல்லவர்களுக்கு, அந்த 23 பெயர்களையும் நினைத்துப் பார்க்கும்படிதான் நான் சொல்வேன்.

எலியின் வளையை எலியோடு மட்டும் சம்பந்தப்படுத்தி நினைப்பதும் பிழை. பாம்பு பொதுவாகத் தானே வளை தோண்டுவதில்லை. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையாக, பெருச்சாளி தோண்டிய வளைக்கும் அதுவே வாரிசாகிறது. கேரளத்தில் வயநாட்டைச் சேர்ந்த சுல்தான் பத்தேரியில், 2019 நவம்பரில், ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் வகுப்பறையிலேயே, பொந்து ஒன்றின் அருகில் உட்கார்ந்திருந்த இடத்தில், பாம்பு கடித்து இறந்தாள். அந்தப் பொந்தைப் பெரியவர்கள் அடைக்காமல் விட்டிருந்தார்கள். ஒரு சட்டி சிமென்ட்டுக் கலவையில் அடைபட்டிருக்கக்கூடிய துவாரம் அது என்று நினைக்கும்போது இன்றும் என் மனம் ஆறுவதில்லை.

நான் சொன்ன செங்கல்பட்டுப் பள்ளியின் தலைமையாசிரியை விஷத்தை மறுத்தவர். ஊரிலுள்ள இருளர் பெரியவர் ஒருவரை அழைத்து வரச்சொன்னார். அவர் வந்து, கட்டடத்தைச் சுற்றி நிதானமாக நடந்து, வளைகளையெல்லாம் அந்திநேரத்தில் ஈரமண்ணால் மூடிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் சில வாய்கள் மட்டும் புதுமண் தள்ளித் திறந்திருந்தன. "தொறந்ததுலதான் ஆள் இருக்கு டீச்சரம்மா. மத்ததை நல்லா கெட்டியா மூடிருங்க. சும்மா விட்டா வேற ஆள் குடி வந்துரும்" என்றார். 'வேற ஆள்' யாரென்று விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு அடியில் துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலை மூட்டி, வளைவாயில் கவிழ்த்து, துளை வழியே ஊதி ஊதிப் புகையை உள்ளே செலுத்தி, மயங்கிய பெருச்சாளிகளைத் தோண்டி எடுத்தார். புகையில் அவர் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த இந்த வித்தைக்கு எலிக்கு இத்தனை என்று சில்லறை எண்ணிக் கொடுப்பது அவமானம். ஒரு தொழில் வல்லுநருக்குரிய நாட்கூலியை ஊராட்சி கொடுத்தாக வேண்டும். அந்தப் பெரியவர், கூட்டத்தில் பையன்கள் அடிக்க ஓங்கிய ஒரு மூஞ்சூறைக் காப்பாற்றி விட்டதையும் சொல்லவேண்டும். மூஞ்சூறு எலி ஜாதியே அல்ல, கரப்பையும் பூச்சியையும் தின்று திரிகிற பிராணி.

பிடிப்பது மட்டும் போதாது. சினைப்பட்ட மூன்று வாரத்தில் ஈன்று, ஈன்ற குட்டிகள் மூன்று மாதத்துக்குள் தாமும் ஈனும் பருவத்தை எட்டுகிற பிராணியை, உணவையும் உறைவிடத்தையும் விட்டுவைத்துக்கொண்டு எண்ணிக்கையில் வெல்ல முடியாது. கோடை விடுமுறையில் அடுப்பு அணைந்திருக்கும் காலம்தான் அவ்விரண்டையும் ஒழிக்க உத்தமமான காலம். மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது விலக்கி மரப்பலகையின்மேல் அடுக்குவதும், வளைக்குள் ஆழமாகக் கண்ணாடிச் சில்லைத் திணித்து அதன்மேல் குழந்தையின் விரல் படாதபடி சிமென்ட்டுப் பூசுவதும், கதவின் அடியில் தகரம் அறைவதும், ஜன்னலுக்கும் சாக்கடைக் குழாயின் வாய்க்கும் நெருங்கிய கம்பிவலை அடிப்பதும் ஆகிய இவ்வளவும் ஒரு கொத்தனாரும் ஒரு தச்சரும் செய்து முடிக்கக்கூடிய வேலைதான். மிஞ்சிய சோற்றை மதிலோரம் கொட்டாமல் அன்றன்றே மாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். எலிகள் முதலில் கூடுவது அங்கேதான். பொறியை அறையின் நடுவே வைப்பவர்கள் எலியின் சுபாவத்தை அறியாதவர்கள். புதிய பொருளைக் கண்டால் அது பல இரவு ஒதுங்கிப் போகும்; ஆகையால் சுவரோரமாக, கருமை படிந்த அந்தப் பாதையிலேயே, முதலில் சில நாள் பொறியைப் பூட்டாமல் தேங்காய்க் கீற்றை மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகே பூட்டவேண்டும். பசை அட்டையில் ஒட்டிக்கொண்டு விடிய விடியக் கதறும் ஜீவனைக் குழந்தைகள் கண்ணில் காட்டுவதை நான் சம்மதிக்கமாட்டேன்.

இவற்றையெல்லாம் அந்தப் பள்ளியில் மே மாதத்திலேயே செய்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் ஒருவர் கொத்து வேலை செய்பவர். சிமென்ட்டை ஊராட்சி கொடுத்தது. ஜூனில் அடுப்பு மூட்டியபோது பண்டக அறையின் வெள்ளைச் சுவரில் புதிய கறை ஏதும் இல்லை. ஆனால் கட்டடத்தின் பின்னால் மழையிலும் வெயிலிலும் கிடக்கிற உடைந்த பெஞ்சுக் குவியலை அவர்களால் தொட முடியவில்லை. சர்க்காரின் தளவாடத்தைக் கழித்துவிட மேலிடத்து உத்தரவு வேண்டும். உத்தரவு கேட்டு அனுப்பிய மனு, தளவாடங்களின் வரிசை எண் இல்லை என்று ஒருமுறை திரும்பி வந்து, வரிசை எண்ணைக் கரையான் அரித்துவிட்டது என்ற விளக்கத்தோடு மறுபடியும் போயிருக்கிறது. அந்தக் குவியலுக்கு அடியில் புதுமண் தள்ளியிருப்பதைத் தலைமையாசிரியை எனக்குக் காட்டினார். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் அந்த உத்தரவு வந்து சேரவேண்டும். சம்பந்தப்பட்ட அதிகாரி இந்தப் பத்தியைப் படிக்க நேர்ந்தால், கோப்பை இன்றே தேடி எடுத்துக் கையெழுத்திடும்படி அவரை வேண்டிக்கொள்கிறேன்.